பட்டாணியின் நாக்கில் ஒரு துளி

ஜனவரி 6
மூன்று ராஜாக்கள் திருநாள்

தம்பி பெண்டாட்டிக்கு,

கோபத்தில் இருப்பவள் நலம் விசாரித்துத் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். திருநாளும் அதுவுமாகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து, நம் ஆட்கள் அத்தனை பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, என் மடியிலிருந்த உன் பிள்ளை பட்டாணியைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாய். நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? பிள்ளைக்கு மூக்கடைப்பு, கொர் கொர் என்று மூச்சு விடுகிறாள், என் தேனில் ஒரு துளி நாக்கில் தடவுகிறேன் என்றேன். அதற்குத் தாழ்ப்பாள் சத்தம்தான் பதில். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நம் பெரியப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, உன் தேன்ல என்ன, விஷமா இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

இந்தத் தெருவில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். சளிக்கு இஞ்சியும் தேனும், பல்வலிக்குக் கிராம்பு, வயிற்றுப் பொருமலுக்குச் சோம்புத் தண்ணீர் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். என் தேனீப் பெட்டிகளில் ஒரு சொட்டு சர்க்கரைப் பாகு கலந்தது கிடையாது. அந்தத் தேனுக்கு என் சொந்தத் தம்பி வீட்டில் தாழ்ப்பாள்.

சரி, அது போகட்டும். ஈஸ்டருக்குப் பட்டாணிக்கு ஞானஸ்நானம். அவள் உன் வயிற்றில் இருக்கும்போதே நான்தான் ஞானத்தாய் என்று நீயும் தம்பியும் சொல்லிவிட்டீர்கள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி வெளியே வந்ததும், கோயில் வாசலிலேயே ஞானத்தாய் அதன் நாக்கில் ஒரு துளி தேன் வைப்பாள். இந்த வாயிலிருந்து இனிய பேச்சே வரட்டும் என்று சொல்லி வைப்பாள். தம்பிக்கு வைத்தார்கள், பெரியப்பா பிள்ளைகளுக்கு வைத்தார்கள், எனக்கும் வைத்தார்கள். எனக்கு வைத்தது பலிக்கவில்லை என்று நீ நினைப்பது இங்கே வரை கேட்கிறது.

அன்றைக்கு நான் தேன் வைக்கலாமா, கூடாதா? போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே என்னை வெட்டிவிடுவாய், அப்புறம் நான் கத்துவேன். நமக்குள் இனி போனே வேண்டாம் என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அதனால் எழுது.

உன் கணவனின் அக்கா


ஜனவரி 13

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "உன் கணவனின் அக்கா." இதற்கு முன்னால் வெறும் "அக்கா" என்றுதான் எழுதுவீர்கள்.

தாழ்ப்பாள் போட்டது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நின்று காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை. பிள்ளையைத் தூக்கியது மட்டும் தப்பில்லை.

தடுப்பூசி போடும் நர்ஸ் முதல் நாளே சொன்னார். தேனில் சில சமயம் ஒரு கிருமியின் விதை மாதிரி ஒன்று இருக்குமாம். நம்மைப் போன்றவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடலில் அது முளைத்து விஷமாகிவிடும். பிள்ளை துவண்டு, பால் குடிக்க முடியாமல் போகும், மூச்சுக்கே ஆபத்து வரும். எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை, எங்கோ ஒரு பிள்ளைக்குத்தான். அந்த ஒரு பிள்ளை யார் என்று முன்னால் தெரியாது. இது உங்கள் தேனின் குறை இல்லை அக்கா. எந்தத் தேனும் அப்படித்தான்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மூக்குக் கண்ணாடியின் சட்டத்துக்குத் தக்கபடி வில்லையைத் தேய்ப்பது என் வேலை. ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தே எனக்கு இந்தப் புத்தி வந்ததோ என்னவோ, திரும்ப எடுக்க முடியாத காரியத்தில் "பார்த்துக்கலாம்" என்று நான் இறங்குவதில்லை.

உங்கள் இஞ்சித் தேனைத் தினமும் காலையில் நான் குடிக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த பாட்டிலைக் காலி செய்தது உங்கள் தம்பி இல்லை, நான்தான். பட்டாணிக்கு ஒரு வயது முடியட்டும். அப்புறம் துளி என்ன, கரண்டியே கொடுங்கள். ஞானஸ்நானத்துக்கு மட்டும் வேண்டாம்.

மூக்கடைப்பு சரியாகிவிட்டது. டாக்டர் உப்புநீர்ச் சொட்டு மட்டும் போடச் சொன்னார்.

அன்புடன்,
பட்டாணியின் அம்மா


ஜனவரி 24

தம்பி பெண்டாட்டிக்கு,

நர்ஸ் சொன்னாளாம், இவள் கேட்டாளாம். நாங்கள் எல்லாரும் தேன் நக்கித்தான் வளர்ந்தோம், செத்தா போய்விட்டோம்? பெரியப்பா இந்த வயதிலும் கோயில் படியைத் தடதடவென்று ஏறுகிறார்.

இருந்தாலும் நீ பயப்படுகிறாய் என்பதற்காக ஒரு காரியம் செய்தேன். தேனைக் காய்ச்சினேன். தேனீ வளர்ப்பவளுக்குத் தேனை அடுப்பில் ஏற்றுவது எவ்வளவு சங்கடம் என்று உனக்குத் தெரியாது. வாசனை எல்லாம் புகையோடு போய்விட்டது, நிறம் கறுத்துவிட்டது. என் பொருளை நானே கெடுத்துக்கொண்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். இனி எந்தக் கிருமி இருக்கும்? தம்பி லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

உனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனக்கிறது, ராப்பகலாக அழுகிறாய் என்று தம்பி சொன்னான். இதை ஏன் நீ எழுதவில்லை? சண்டை வேறு, உடம்பு வேறு. முட்டைக்கோஸ் இலையைக் கழுவி, ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததும், நடு நரம்பை நசுக்கிவிட்டு, மார்பின் மேல் வைத்து உள்ளாடையைப் போட்டுக்கொள். இலை வாடினால் மாற்று. பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தாதே. ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, ஓரிடம் மட்டும் சிவந்து கொதித்தாலோ என் இலையை நம்பிக்கொண்டு வீட்டில் கிடக்காதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எந்த இலைக்கு எது முடியும் என்று எனக்குத் தெரியும்.

உன் நாத்தனார்


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இலைக்கு நன்றி. காய்ச்சல் வரவில்லை. இரண்டாம் நாளே வலி இறங்கிவிட்டது. நேற்று மறுபடி லேசாகக் கட்டிக்கொண்டதால் சாம்பல் புதன் பூசைக்கு உள்ளே கோஸ் இலையோடுதான் போனேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லும்போது, என் பக்கத்தில் இருந்தவர் மோந்து பார்த்துவிட்டு யார் வீட்டிலோ கோஸ் வேகிறது என்றார். தவக்காலத்தின் முதல் நாளே சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தேன்.

இனி எழுதப் போவது உங்களுக்குப் பிடிக்காது.

காய்ச்சிய தேன் வந்தது. திறந்து மோந்து பார்த்தேன். நீங்கள் என்ன மனதோடு அதை அடுப்பில் வைத்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், அந்த விதை வீட்டு அடுப்புக் கொதிப்புக்குச் சாகாதாம். செத்தா போய்விட்டோம் என்று கேட்டீர்கள். செத்த பிள்ளைகள் எழுந்து வந்து பதில் சொல்வதில்லை அக்கா.

இன்னொன்று. உங்கள் தம்பியும் நீங்களும் பேசி வைத்திருக்கும் ஏற்பாடு எனக்குத் தெரிந்துவிட்டது. ஞானஸ்நானம் முடிந்து நான் கையெழுத்துப் போடப் போகும்போது, அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு பூசை உடுப்பு அறைக்கு வருவார், நீங்கள் விரலால் ஒரு துளி தொட்டு வைப்பீர்கள், எனக்குத் தெரியாமல் வழக்கமும் முடியும், பிரச்சினையும் முடியும். அவர் வாயில் ரகசியம் ஓட்டைப் பானைத் தண்ணீர் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "ஒரு துளிதானே, அக்கா மனசு நோகக் கூடாதுல்ல?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எல்லாருக்கும் தலையாட்டுகிறவர் அவர். உங்கள்மேல்தான் வந்தது. வைத்தே தீருவேன் என்று என் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் என் பிள்ளையின் வாயைத் திறக்க நினைத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை.

தேன் வைக்க மாட்டேன் என்று நீங்கள் எனக்கு எழுதித் தர வேண்டும். தராவிட்டால் பட்டாணிக்கு நீங்கள் ஞானத்தாயாக நிற்க முடியாது. இதில் நான் மாற மாட்டேன்.

பட்டாணியின் அம்மா


பிப்ரவரி 27

எழுதித் தர வேண்டுமாம்.

எங்கள் அம்மா போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். இழுப்பு வந்து அவன் நெஞ்சு உள்ளே போய் வெளியே வரும்போது மாரோடு அணைத்து உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு நர்ஸும் இல்லை, யாரும் வந்து எதுவும் சொல்லித் தரவும் இல்லை. பதினைந்து வயதில் தொடங்கி ஒரு பிள்ளையை ஆளாக்கிக் காட்டினேன். அந்தப் பிள்ளையைத்தான் நீ கட்டிக்கொண்டாய்.

நான் எழுதித் தரமாட்டேன். ஈஸ்டருக்கு வரவும் மாட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள்.


மார்ச் 10

பட்டாணியின் அம்மாவுக்கு,

நீ இதைப் பிரிப்பாயோ மாட்டாயோ. பிரித்தால் கடைசி வரை படி.

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்து, முகவலையைக் கழற்றாமல் கொல்லையில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில்பிள்ளையின் மருமகள் வந்தாள். மணி அடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறாரே, அவர் மருமகள்தான். தோளில் கைப்பிள்ளை, நல்ல இருமல். "அக்கா, இவனுக்குக் கொடுக்க ஒரு பாட்டில் தேன் குடுங்க" என்றாள். உள்ளே போய் பாட்டிலை எடுத்து, துடைத்து, அவள் கையில் வைக்கப் போனேன்.

வைக்க முடியவில்லை. கை நீள்கிறது, விரல் விட மாட்டேன் என்கிறது. பிள்ளை என் முகவலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரிக்கிறான். கீழே இரண்டு அரிசிப் பல். வயது என்ன என்று கேட்டேன், இன்னும் உட்காரத்தான் பழகுகிறான் என்றாள். எங்கோ ஒரு பிள்ளைக்கு என்று நீ எழுதியிருந்தாயே, அது இவனாக இருந்துவிட்டால்? "இது உனக்குத்தான், புள்ளைக்கு இல்ல. ஒரு வயசு வரைக்கும் நாக்குல கூடக் காட்டாத" என்று சொல்லி, அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நம்ப முடியாமல் பார்த்தாள். இந்தத் தெருவில் தேன் வேண்டாம் என்று நான் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவள் போனபின் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் என்ன செய்கிறேன்? ஊரார் பிள்ளைக்கு ஆகாது என்று கையை இழுத்துக்கொண்டவள், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒளித்து வைத்துக் கொடுக்கத் திட்டம் போட்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. உன்னிடம் நான் கேட்டது பட்டாணிக்காக இல்லை. பெரியப்பா அன்றைக்கு விஷமா என்று கேட்ட கேள்விக்கு ஊரறியப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

நீ கேட்டதை எழுதித் தருகிறேன். பட்டாணிக்கு ஒரு வயது முடியும் வரை என் கையாலோ, என் ஏற்பாட்டாலோ ஒரு துளி தேனும் அவள் வாய்க்குப் போகாது. தம்பியையும் கூப்பிட்டுத் திட்டிவிட்டேன். திட்டம் போட்டவளே திட்டுகிறாளே என்று அவன் விழித்தான்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு ஆள் பார்த்துக்கொள் என்றீர்கள். பார்த்துவிட்டேன். கோபத்தில் சொல்லியிருப்பீர்கள், இன்னொரு கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஞானப்பெற்றோரின் பெயர்களை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று சாமியார் பூசையில் அறிவித்துவிட்டார். ஞானத்தகப்பனாக லாரி ஓட்டும் என் அண்ணன் பெயரைக் கொடுத்தேன். ஞானத்தாயாக எங்கள் கீழ் வீட்டுத் தையல்காரியின் பெயரைக் கொடுத்தேன். அவளுக்குச் சந்தோஷம். பட்டாணிக்கு வெள்ளை உடுப்புத் தைக்க அன்றைக்கே அளவெடுக்க வந்துவிட்டாள்.

முதலில் உங்கள் பெயர்தான் வாயில் வந்தது, பாதியில் நிறுத்தினேன். சாமியார் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஆனாலும் சொன்னேன்.

உங்கள் தம்பி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "நீயும் அக்காவும் ஒரே அச்சு, நடுவுல மாட்டினவன் நான்" என்கிறார். லிஃப்ட் கயிறு அறுந்தால்கூடத் தாங்கிப் பிடிக்கத் தடுப்பு இருக்கிறதாம், நம் இரண்டு பேருக்கும் நடுவில் அது இல்லையாம். கர்ப்பமாக இருந்தபோது என் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்து ஊற்றியது நீங்கள். முதல் குழந்தை தங்காமல் போனபோது என்னோடு மண்டியிட்டு ஜெபமாலை சொன்னது நீங்கள். இப்போது பட்டாணியின் பக்கத்தில் நீங்கள் இல்லை என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. தேன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் என்னால் முடியவில்லை. இரண்டும் உண்மை.

பட்டாணி கவிழ்ந்து படுக்கிறாள்.

பட்டாணியின் அம்மா


மார்ச் 16

அன்புள்ள பெண்ணே,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கும். ஒரே நாளில் எழுதியிருக்கிறோம். தம்பி சொன்னது சரி, ஒரே அச்சுதான்.

படித்ததும் அழுதேன். அதை மறைக்க நான் ஒன்றும் சின்னப் பெண் இல்லை. அழுது முடித்து யோசித்தேன். சாமியாரிடம் கொடுத்த பெயரை எனக்காக மாற்றாதே. அந்தத் தையல்காரி என்ன பாவம் செய்தாள்? வேறு ஆள் பார் என்றது நான். பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டு வாய் கோணலாகிவிட்டது என்று புலம்பக் கூடாது. நான் வருவேன். அத்தையாக வருவேன், பின் பெஞ்சில் உட்காருவேன். அத்தையாக இருக்க யாரிடமும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. கோயில் பெண்கள் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு என் தேனை மட்டுமில்லை, யார் தேனையும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். வந்ததே சண்டை. எங்கள் பிள்ளைகள் எல்லாம் எதில் வளர்ந்தார்கள் என்றார்கள், உனக்குப் பிள்ளை பெற்றுப் பழக்கம் உண்டா என்றாள் ஒருத்தி. இனி என்னிடம் தேன் வாங்க மாட்டோம் என்றும் சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் காது மடல் கொதித்தது, ஆனால் உட்காரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று நீ நின்ற இடம் எவ்வளவு குறுகலானது என்று அப்போதுதான் தெரிந்தது. உனக்காவது தாழ்ப்பாள் போட ஓர் அறை இருந்தது.

இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வயதுக்கு மேல்தான் என்று கையால் எழுதி ஒட்டுகிறேன். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு எழுதினால் படிக்க மாட்டார், நேரில் சொன்னால் கேட்க மாட்டார்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குப் பின் பெஞ்ச் கிடையாது.

மார்ச் பத்தாம் தேதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கித் தையல்காரியிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவள் மெஷின் பக்கத்தில் கிடந்த பித்தான்களை எல்லாம் நிறம் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள். கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தாள். நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி, அது எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். படித்து முடித்து, "நான் ஒட்டுத்துணிதானே. முழுத்துணி கிடைச்சப்புறம் ஒட்டு எதுக்கு?" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடுப்பு மட்டும் என்னுடையதுதான், அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றும் சொன்னாள். அன்றைக்கே சாமியாரிடம் போய்ப் பெயரை மாற்றிவிட்டேன். இன்னொரு தடவை மாற்றினால் நானே ஞானத்தாயாக நிற்பேன் என்றார்.

எழுதித் தரச் சொன்னதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டது தப்பு என்று இன்னும் தோன்றவில்லை. இப்படியேதான் நான் இருப்பேன் அக்கா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா போன் செய்தார். வழக்கத்தை விட்டால் வீட்டுக்கு ஆகாது, யாரும் வைக்காவிட்டால் நானே வைப்பேன் என்றார். உங்கள் தம்பி வழக்கம்போல "சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். இந்தத் தடவை தாழ்ப்பாள் இல்லாமல், வாயைத் திறந்து பேசுவேன். நீங்கள் இதில் தலையிட வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர், உங்களுக்குச் சங்கடம்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிடுங்கள். அன்று ராத்திரி திருவிழிப்புப் பூசைக்குச் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
பட்டாணியின் அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியிலிருந்து தேனீக்கூட்டம் கிளம்பிவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் திங்கள்கிழமை காலையே ஓடிவிட்டீர்கள். பேச வேண்டியதைப் பேசவே முடியவில்லை. இனி போனில் பேசலாம் என்று உங்கள் தம்பி அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும்.

ஞானஸ்நானத்தில் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. தண்ணீர் விழுந்ததும் பட்டாணி அழவில்லை, நாக்கை நீட்டி அதைச் சுவை பார்த்தாள். அதற்கு முன்னால் சாமியார் உங்கள் பக்கமும் என் அண்ணன் பக்கமும் திரும்பி, இந்தப் பிள்ளையின் தாய்க்கும் தந்தைக்கும் அவர்கள் கடமையைச் செய்ய உதவத் தயாராக இருக்கிறீர்களா என்று கேட்டார். என் அண்ணன் மீசைக்குள்ளேயே ஏதோ சொன்னான். நீங்கள் "தயாரா இருக்கேன்" என்று சொன்னது பாட்டுக்குழுவின் மாடி வரை கேட்டது. அங்கிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எத்தனையோ ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கிறேன், அந்தக் கேள்வியை நான் அன்றைக்குத்தான் காதில் வாங்கினேன்.

வெளியே வந்ததும் பெரியப்பா வாசல் படியில் நின்றிருந்தார். பாட்டில் திறந்திருந்தது, விரலில் தேன் இருந்தது. எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். நான் பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு அத்தனையும் போன இடம் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் மாதிரியே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் தம்பி கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா உங்களைப் பார்த்து, "என்னம்மா, உன் தேன்தான், நீ வைக்கறியா, நான் வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

பிள்ளை உங்கள் கையில் இருந்தாள். நீங்கள் ஒரு அடி பின்னால் போகவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. பட்டாணியின் தலையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னீர்கள்:

"அவ அம்மாவுக்கு உதவி செய்யறேன்னு இப்பதான் சாமி முன்னால சொல்லிட்டு வர்றேன் பெரியப்பா. புள்ள தலையில ஈரம்கூடக் காயல. அவ அம்மா வேண்டாங்கறா. அப்ப நானும் வேண்டாங்கறேன்."

பெரியப்பா உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். பிறகு தானே அதை நக்கிக்கொண்டார். நல்ல தேன்தான் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் தையல்காரி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

என் கல்யாணத்தன்று உங்களுக்குப் பயந்தேன். அதற்குப் பிறகு மரியாதை வைத்தேன், இந்த வருடம் சண்டை போட்டேன். அந்தப் படியில் நின்றபோதுதான் முதல் தடவையாக எனக்குப் பயமே இல்லாமல் இருந்தது. அதை அங்கேயே சொல்லியிருப்பேன், சொன்னால் அழுதிருப்பேன். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்பும்போது பட்டாணியை யாரிடம் விடுவது என்று தேடிக்கொண்டிருந்தோம். உங்களிடம் விட நினைக்கிறேன். தேன் பாட்டில்கள் இருக்கும் வீட்டிலா என்று உங்கள் தம்பி கேட்டார். ஆமாம், அந்த வீட்டில்தான் என்றேன்.

உங்கள்,
தங்கச்சி